நைஃபை சத்தமில்லாமல் நிற்கும்போது: எச்சரிக்கை அமைக்கும் முறை

கோவையில் 62 மருந்துக்கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் டேட்டா பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கடையும் இரவு கணக்கு முடித்ததும் அன்றைய விற்பனைக் கோப்பு ஒரு எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) சர்வருக்கு வந்துசேரும். டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் அப்பாச்சி நைஃபை என்ற மென்பொருள் அதை எடுத்து, சரிபார்த்து, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏற்றும். அந்தக் கணக்கை வைத்துத்தான் காலை 7 மணிக்கு எந்தக் கடைக்கு என்ன மருந்து போக வேண்டும் என்ற பட்டியல் தயாராகிறது.

போன வருடம் ஒருமுறை, ஒன்பது கடைகளின் கோப்புகள் மூன்று நாட்களாக வரவில்லை. நைஃபை திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பில்லிங் மென்பொருள்காரர்கள் அந்தக் கடைகளின் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பழைய கோப்புறை காலியாக அப்படியே இருந்தது. நைஃபையில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் துண்டுக்கு ப்ராசஸர் என்று பெயர். காலிக் கோப்புறையைப் பார்த்தால், கோப்புகளைத் தேடும் லிஸ்ட்எஸ்எஃப்டிபி ப்ராசஸர் பிழை என்று சொல்லாது. எடுக்க ஒன்றும் இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். விற்பனையே இல்லை என்று கணக்கு காட்டியதால் அந்தக் கடைகளுக்குச் சரக்கு போகவில்லை. ஒரு கடையில் இன்சுலின் தீர்ந்து, வாங்க வந்த பாட்டியை இன்னொரு கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் போன் செய்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சங்கடம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு எச்சரிக்கைகளை அடியிலிருந்து திரும்ப அமைத்தேன். நைஃபை வைத்திருக்கிறவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம்.

வராததைக் கவனிப்பது

பிழை வந்தால் மெயில் அனுப்பு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். நான் சொல்வது, வர வேண்டியது வராவிட்டால் மெயில் அனுப்புவதை முதலில் அமையுங்கள். இதற்கென்றே நைஃபையில் மானிட்டர்ஆக்டிவிட்டி என்ற ப்ராசஸர் இருக்கிறது. ப்ராசஸர்களை வரிசையாக இணைத்த ஓட்டத்தின் தொடக்கத்தில் அதை வைக்காதீர்கள். டேட்டாபேஸில் எழுதும் ப்ராசஸருக்குப் பின்னால், அதன் 'சக்சஸ்' வழியில் (வேலை வெற்றியாக முடிந்தவை போகும் வழி) வையுங்கள். அப்போதுதான் நடுவில் எங்கே அடைத்தாலும் தெரியும். குறிப்பிட்ட நேரம் வரை ஒன்றும் கடந்து போகவில்லை என்றால் 'இன்ஆக்டிவ்' வழியில் ஒரு செய்தி விடும். ஓட்டம் திரும்பினால் இன்னொரு வழியில் அதையும் சொல்லும். இரண்டையும் புட்ஈமெயில் ப்ராசஸரோடு இணையுங்கள். 'திரும்பிவிட்டது' என்ற மெயில் முக்கியம். அது இல்லாவிட்டால் சரியாகிப்போன ஒன்றைத் தேடி ஒரு மணி நேரம் வீணாகும்.

அதில் தொடக்கத்திலேயே 5 நிமிடம் என்று இருக்கும். இரவில் ஒருமுறை வரும் கோப்புகளுக்கு அது பொருந்தாது. நாங்கள் 25 மணி நேரம் வைத்திருக்கிறோம்.

ஆனால் இது மட்டும் இருந்திருந்தால் அந்த ஒன்பது கடைகள் விட்டுப்போனது அன்றைக்கும் தெரிந்திருக்காது. மீதி 53 கடைகளின் கோப்புகள் ஓடிக்கொண்டுதானே இருந்தன? அப்புறம், பகலில் யாராவது விட்டுப்போன ஒரு கோப்பைத் திரும்ப அனுப்பினாலும் 25 மணி நேரக் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். அதனால் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

டேட்டாபேஸில் கடைகளின் பட்டியல் ஒரு அட்டவணையாக இருக்கிறது. அதை நேற்றைய விற்பனை அட்டவணையோடு ஒப்பிட்டு, கோப்பு வராத கடைகளை மட்டும் தரும் வினவல் ஒன்றை எழுதினேன். எக்ஸிகியூட்எஸ்கியூஎல் ப்ராசஸர் தினமும் காலை 6 மணிக்கு அதை ஓட்டும். எத்தனை வரிசைகள் வந்தன என்பதை அதுவே ஒரு அட்ரிபியூட்டாக (முடிவோடு சேரும் குறிப்பு) ஒட்டிக் கொடுக்கும். அது பூஜ்யத்தைவிட அதிகமா என்று ரூட்ஆன்அட்ரிபியூட் பார்க்கும்; அதிகம் என்றால் மெயில் போகும்.

நேரம் குறிப்பதில் இரண்டு விஷயம். நைஃபையின் கிரான் (எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் குறியீடு) நொடியிலிருந்து தொடங்கும். லினக்ஸ் பழக்கத்தில் ஐந்து இடம் எழுதினால் ஏற்காது. அதோடு, எங்கள் சர்வர் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யுடிசி நேரத்தில் ஓடியது. நான் முதலில் 0 0 6 * * ? என்று எழுதினேன், அது நம் நேரத்துக்குப் பகல் 11:30. பட்டியல் போய் நாலரை மணி நேரம் கழித்து எச்சரிக்கை வந்தது. இப்போது 0 30 0 * * ? என்று இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் மறையும் சிவப்பு

ஒரு ப்ராசஸரில் பிழை வந்தால் அதன் மூலையில் சிவப்பாக ஒரு புல்லட்டின் (பிழை அறிவிப்பு) தோன்றும். ஐந்து நிமிடம் கழித்து மறைந்துவிடும். இரவு 1:10க்குத் தோன்றியதைக் காலை 9 மணிக்கு அலுவலகம் வந்து திரையில் தேடினால் எங்கே இருக்கும்? திரையைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக ஓடியது என்று முடிவு செய்யாதீர்கள். சைட்-டு-சைட் புல்லட்டின் ரிப்போர்ட்டிங் டாஸ்க் என்ற பின்னணிப் பணியை அமைத்தால் ஒவ்வொரு புல்லட்டினும் ஜேசான் வடிவ உரையாக ஒரு இன்புட் போர்ட்டுக்கு (ஓட்டத்தின் நுழைவாயில்) வரும். அதை அதே நைஃபைக்குள் வாங்கி ஒரு அட்டவணையில் எழுதி வைக்கிறோம்.

இதைவிட ஆபத்தானது, தோற்றவை போகும் 'ஃபெயிலியர்' வழியை 'ஆட்டோ டெர்மினேட்' (அங்கேயே முடித்துவிடு) என்று டிக் செய்து விடுவது. தோற்ற கோப்பு ஓட்டத்திலிருந்தே போய்விடும். எங்கள் ஓட்டத்தில் அப்படி நான்கு இடங்களைக் கண்டுபிடித்தேன். அவற்றில் இரண்டு நானே அவசரத்தில் டிக் செய்தவை.

எல்லா 'ஃபெயிலியர்' வழிகளையும் ஒரு ஃபனலில் (பல வழிகளை ஒன்றாக்கும் இணைப்பு) சேர்த்து அங்கிருந்து மெயிலுக்கு விடலாம். நேரடியாக விட்டால், டேட்டாபேஸ் பத்து நிமிடம் படுத்தால் இருநூறு மெயில் வரும். மறுநாள் எல்லோரும் அந்த அனுப்புநரை வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவார்கள். நடுவில் ரீப்ளேஸ்டெக்ஸ்ட் வைத்து ஒவ்வொரு கோப்பையும் ஒரே வரியாக்குங்கள்: கடை, கோப்புப் பெயர், நேரம். பிறகு மெர்ஜ்கண்டென்ட் வைத்து பத்து நிமிட வரிகளை ஒரே மெயிலாகச் சேருங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை அதில் 1 என்று இருக்கும். அப்படியே விட்டால் காத்திருக்காது. நாங்கள் அதை 500 ஆக்கி, அதிகபட்சக் காத்திருப்பை 10 நிமிடம் என்று வைத்தோம்.

வரிசை நிரம்புவதும் சத்தமில்லாத விஷயம்தான். இரண்டு ப்ராசஸர்களுக்கு நடுவில் கோப்புகள் காத்திருக்கும் ஒரு கனெக்ஷனில் 10,000 கோப்புகளோ 1 ஜிபியோ சேர்ந்துவிட்டால், நாம் மாற்றாதவரை, முந்தைய ப்ராசஸர் ஓடாமல் நின்றுவிடும். இதுவும் பிழை கிடையாது, அதனால் புல்லட்டின் வராது. க்வெரிநைஃபை ரிப்போர்ட்டிங் டாஸ்க்கில் கனெக்ஷன் நிலை அட்டவணையை எஸ்கியூஎல் எழுதிக் கேட்கலாம். நிரம்பியவை இருந்தால் மட்டும் மெயில் வரும்படி வைத்திருக்கிறோம்.

மெயிலில் என்ன இருக்க வேண்டும்

எங்கள் காலை மெயில் இப்படி வரும்: "வடவள்ளி கடை: நேற்றைய விற்பனைக் கோப்பு இல்லை. கடைசியாக வந்தது முந்தாநாள் இரவு 11:52. முதலில் சர்வரில் கடையின் கோப்புறையைப் பார்க்கவும். காலியாக இருந்தால் கடை மேலாளருக்குப் போன் செய்யவும். 6:45க்குள் சரியாகாவிட்டால் பட்டியலில் இந்தக் கடைக்கு முந்தைய வாரத்தின் அளவைப் போடவும்."

கடைசி வரியை எழுதத்தான் எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. கொள்முதல் பிரிவோடு உட்கார்ந்து பேசி, கணக்கு இல்லாத கடைக்குப் பூஜ்யம் என்று எடுக்காமல் முந்தைய வாரத்தின் அளவை அனுப்புவது என்று முடிவு செய்தோம். எச்சரிக்கையைப் படிப்பவர் அரைத் தூக்கத்தில் இருப்பார். அவரை யோசிக்க வைக்காதீர்கள், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். மெயில் இரண்டு பேருக்கு மட்டும் போகும்: அந்த வாரம் பொறுப்பில் இருப்பவர், அடுத்த வாரத்துக்காரர். குழு முகவரிக்கு அனுப்பிய காலத்தில் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிட்டோம்.

நைஃபையே நின்றுவிட்டால்

மேலே சொன்ன எல்லாம் நைஃபைக்குள் ஓடுகிறது. அந்த இயந்திரம் விழுந்தால் மெயில் அனுப்ப ஆள் இல்லை. அதனால் காலை எண்ணிக்கை முடிந்ததும், கடை விட்டுப்போனாலும் போகாவிட்டாலும், இன்வோக்எச்டிடிபி வழியாக வெளியே ஒரு முகவரியைத் தட்டுகிறோம். ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருளை வேறொரு இயந்திரத்தில் நிறுவியிருக்கிறோம். 6:15க்குள் தட்டல் வராவிட்டால் அது எங்களுக்குச் செய்தி அனுப்பும். புட்ஈமெயிலின் 'ஃபெயிலியர்' வழியையும் டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் ஒரு 'பாட்' (bot) கணக்குக்குத் திருப்பியிருக்கிறோம், மெயில் சர்வர் படுத்த நாளுக்காக.

மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு முந்தைய இரவு, சோதனைக்காக வைத்திருக்கும் 'கடை 0' என்ற பொய்க் கடையின் கோப்புறையை மறைத்துவைக்கிறோம். புட்ஈமெயிலில் மெயில் சர்வரின் முகவரியையும் வேண்டுமென்றே தவறாக மாற்றி வைப்போம். போன மாதம் 6:05 வரை டெலிகிராம் வரவில்லை. அந்த 'பாட்' கணக்கின் டோக்கனை (கடவுச்சொல் போன்றது) யாரோ மாற்றியிருந்தார்கள், நைஃபையில் மாற்ற மறந்திருந்தார்கள். புது டோக்கனைப் போட்டு வினவலைக் கையால் இன்னொருமுறை ஓட்டினோம்; 6:20க்கு இரண்டு போனிலும் செய்தி வந்தது. பிறகு மெயில் முகவரியைச் சரியாக்கி, கடை 0-வின் கோப்புறையைத் திரும்ப வைத்தோம்.