சில்லுக்குக் காசைப் போடுங்கள்: குறைந்த செலவில் ஒரு சவுண்ட் வண்டி

லொகேஷன் சவுண்ட் வேலைக்கு, அதாவது படப்பிடிப்பு நடக்கிற இடத்திலேயே சத்தம் பதிகிற வேலைக்கு, வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த ரெக்கோடர் நல்லது, எந்த மைக் நல்லது என்பதைத்தான். அந்தச் சாமானையெல்லாம் ஏற்றித் தள்ளுகிற வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு தோளில் ரெக்கோடர் பை, மற்றத் தோளில் கேபிள், கையில் பூம் (மைக்கை நுனியில் பூட்டிப் பிடிக்கிற நீளக் கம்பு), முதுகில் பெட்டரி என்று ஒரு வருடம் ஓடினால் இடுப்பே கேட்க வைத்துவிடும். வெளிநாட்டில் இதற்கென்றே செய்த வண்டிகள் விற்கிறார்கள், நல்ல சாமான்தான், ஆனால் அதை இங்கே இறக்கி வரியும் கட்டி எடுக்கிற காசு எங்களைப் போன்ற ஆக்களுக்குக் கட்டாது. நான் இப்போது தள்ளுகிற வண்டி கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய சாமானாலும் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற வெல்டிங் பாஸின் கையாலும் ஆனது. பெட்டரி நீங்கலாக 40,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் கால்வாசிக்கு மேல் சில்லுக்கே போனது, அது சரியான செலவு.

ஏனென்றால் என் முதல் வண்டியில் அதைத்தான் பிழையாகச் செய்தேன். தட்டு, லாச்சி எல்லாம் வடிவாகச் செய்துவிட்டு, அடியில் நாலு சின்னப் பிளாஸ்டிக் காஸ்டரை, அதாவது எந்தப் பக்கமும் திரும்புகிற குட்டிச் சில்லை, பூட்டினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வேலை. சாமான் ஏற்றி வந்த வானிலிருந்து வீட்டு வாசல் வரை நூறு அடிகூட இல்லை, நடுவில் ஒரு கான் மூடி. அந்த இரும்புக் கம்பிகளுக்கு இடையில் முன் சில்லு இறங்கி நின்றுவிட்டது, நான் தள்ளிய வேகத்தில் வண்டி முன்னுக்குச் சாய்ந்து, மேல்தட்டில் இருந்த ரெக்கோடர் மைக் ஸொக்கெட் பக்கமாகத் தரையில் விழுந்தது. அதைத் திருத்தக் கொடுத்த காசில் நல்ல சில்லு இரண்டு சோடி வாங்கியிருக்கலாம்.

ஆகவே செய்யத் தொடங்குமுன் ஒரு நாள் விடிய பழைய சோனகத் தெருப் பக்கம் போய், மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் வண்டி இழுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாரமான மூட்டை எப்போதும் பெரிய சில்லின் அச்சுக்குக் கிட்டத்தான் இருக்கும், இலேசானது மேலேயும் தள்ளியும் போகும். படியோ தடுப்புக் கல்லோ வந்தால் தள்ளிக்கொண்டு முட்டமாட்டார்கள், திரும்பி நின்று இழுப்பார்கள், பெரிய சில்லு தானாக ஏறிவிடும். நாள் முழுக்கப் பாரம் இழுக்கிறவர்கள் கண்டுபிடித்த வழி அது. எங்கள் வண்டிக்கும் அதுவே முறை: பெரிய காற்றுச் சில்லு இரண்டு ஒரு பக்கம், அதே பக்கத்தில் கைபிடி, மறுபக்கத்தில் சுழலும் காஸ்டர் இரண்டு. சமதரையில் தள்ளலாம், படி வந்தால் கைபிடியைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்த்து இழுத்து ஏற்றலாம்.

பெரிய சில்லு 10 அங்குலம், காற்று அடிக்கிற டியூப் உள்ளது. சாமான் தள்ளுகிற வண்டிகளுக்குப் போடுவதுதான், ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். கடையில் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். "நானா, இதைக் கொஞ்சம் சுத்திப் பார்க்கவா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பெயாரிங் கரகரவென்றால் திருப்பி வையுங்கள், அடுத்ததை எடுங்கள். அந்தச் சத்தம் நாளைக்கு உங்கள் ஹெட்போனில்தான் கேட்கப்போகிறது. அச்சுத் துளையையும் அளந்துகொள்ளுங்கள், ஒரே அளவு டயர்களிலும் துளை மாறும், ஆகவே சில்லு கையில் வந்த பிறகுதான் தண்டை வெட்டவேண்டும். காற்றை டயரில் எழுதியிருக்கும் அளவுக்கு முழுக்க அடிக்காதீர்கள். எங்கள் பாரத்துக்கு அதில் பாதி போதும். டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் ரோட்டு அதிர்வு மேலே ஏறாது. காஸ்டர் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, தரையில் உருளுகிற பகுதி ரப்பராக இருக்கவேண்டும், இரண்டுக்கும் பிரேக். பிரேக் இல்லாத வண்டியை காலி வீதியில் சரிவான கேட் ஒன்றுக்கு முன்னால் விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட திரும்ப முடியாது.

சரி, சட்டம். ஒரு அங்குல பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய், 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. அலுமினியம் இலேசு என்று பலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதைச் சாதாரண வெல்டிங் கடையில் ஒட்டமாட்டார்கள், நட் போல்ட் போட்டால் மாதம் ஒருமுறை இறுக்கவேண்டும். இரும்பே போதும். என் அளவு நீளம் 24, அகலம் 18, உயரம் 36 அங்குலம், மூன்று தட்டு. நாலு கால், மூன்று சுற்றுச் சட்டம் எல்லாம் சேர்த்து 33 அடி வரும். பொக்ஸ் பார் ஒரு லெங்த் 20 அடி, இரண்டு வாங்கினால் மிச்சம் 7 அடியில் கைபிடியும் அண்டெனாக் கம்பத்துக்கான பிடியும் செய்யலாம். சட்டம் மட்டும் 9 கிலோ அளவில் நிற்கும்.

அகலத்தை 18க்கு மேல் கூட்டவேண்டாம். சில்லு வெளியே நிற்பதால் மொத்தம் 24, 25 அங்குலம் ஆகிவிடும். வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய மாடிவீடுகளில் குசினிக் கதவு வழியாகப் போகவேண்டி வந்தால் அதற்கே மூச்சுப் பிடிக்கவேண்டும். சில்லுகளைக் கழற்றக்கூடிய மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: அச்சுத் தண்டின் நுனியில் ஒரு துளை, அதில் வளைந்த கம்பிப் பின் ஒன்று, அவ்வளவுதான். சில்லைக் கழற்றிச் சட்டத்தைச் சரித்தால் என்னுடையது ஆட்டோவின் பின்சீட்டில் ஏறுகிறது, ரெக்கோடர் பை என் மடியில். வான் வராத சின்ன வேலைகளுக்கு இது பெரிய உபகாரம். நீங்களும் வெட்டுமுன் வழமையாகக் கூப்பிடுகிற ஆட்டோவில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

வெல்டிங் பாஸிடம் போகும்போது படம் கீறிக்கொண்டு போங்கள், அளவு எல்லாம் அங்குலத்தில். இரண்டு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டும். ஒன்று, காஸ்டரைத் தகட்டோடு சேர்த்து அதன் முழு உயரத்தை அளந்து, பெரிய சில்லின் அச்சை அதற்கேற்றபடி சட்டத்துக்குக் கீழே இறக்கி ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் தட்டு சாய்ந்து நிற்கும், பேனா வைத்தால் உருளும். இரண்டு, முதலில் எல்லா மூலையையும் புள்ளி புள்ளியாக மட்டும் பிடித்து, மூலை விட்டம் இரண்டையும் அளந்து சமமாக இருந்தால்தான் முழுக்க ஒட்டவேண்டும். கல்வனைஸ் பண்ணிய பாரை எடுத்தால் ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சு எரிந்துபோகும், அந்தப் புகை சுவாசத்துக்குக் கூடாது. பாஸைத் திறந்த இடத்தில் வைத்து, ஒட்டும் இடத்தில் பூச்சை உரசி எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். சாதாரண இரும்பென்றால் முழுக்க உரசி, துரு பிடிக்காத பிரைமர் இரண்டு பூச்சு, அதன்மேல் மினுங்காத கறுப்பு. கடற்கரைக் காற்று ஒரு கீறலைக் கண்டாலே போதும், துரு உள்ளே போய்விடும். மினுங்கினால் கமராக்காரரின் லைட் அதில் பட்டுத் தெறிக்கும், உங்களைத்தான் தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

இனி பொக்ஸ் பாரின் நுனிகள். இதை எந்த வெல்டிங் பாஸும் உங்களுக்குச் சொல்லமாட்டார். காலி முகத்திடலில் ஒரு பின்னேரம், நல்ல காற்று, இரண்டு பேர் மெதுவாகக் கதைக்கிற காட்சி. ஹெட்போனில் மெல்லியதாக "ஊ" என்று ஒரு சத்தம், காற்று ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்குகிறது. மைக்கின் காற்று உறையை மாற்றினேன், பூம் பிடிக்கிற தம்பியைத் திசை மாற்றி நிற்கச் சொன்னேன், போகவில்லை. இரண்டு டேக் வீணான பிறகு தற்செயலாகக் கைபிடியின் திறந்த நுனியில் என் உள்ளங்கை பட்டது. சத்தம் நின்றது. போத்தல் வாயில் ஊதுகிற மாதிரி, காற்று அந்தக் குழாய் வாயில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு திறந்த நுனிக்கும் பிளாஸ்டிக் மூடி, துளைத்துவிட்டுப் பாவிக்காமல் விட்ட ஒவ்வொரு துளைக்கும் சிலிக்கன். மூடி கிடைக்காவிட்டால் ரப்பர் செருப்பை வெட்டி அடித்து இறக்குங்கள், அதுவும் நிற்கும்.

தட்டுக்கு 9 மில்லிமீட்டர் பிளைவூட் போதும். இரும்பின்மேல் நேரே வைக்காமல், பழைய சைக்கிள் டியூபைப் பட்டியாக வெட்டி இடையில் போட்டுப் பூட்டுங்கள். சைக்கிள் திருத்துகிற கடையில் கேட்டால் ஓட்டை டியூபை இனாமாகத் தருவார்கள். நட்டுக்கு உள்ளே நைலோன் வளையம் இருக்கிற வகையை வாங்குங்கள், ஆட்டத்தில் கழராது. தட்டின் ஓரத்தில் ஒரு அங்குல விளிம்பு, மேலே மெல்லிய ரப்பர் விரிப்பு. கீழ்த்தட்டில் பெட்டரியும் பாரமான கேபிளும், பெரிய சில்லுப் பக்கமாக. நடுத்தட்டில் வயர் இல்லாத மைக்குகளின் ரிசீவரும் உடுப்பில் குத்துகிற லெபல் மைக் பெட்டியும். மேலே ரெக்கோடரும் ரிப்போர்ட் எழுதுகிற இடமும் மட்டும். மேல்தட்டில் தேத்தண்ணீர் வைக்க யாரையும் விடாதீர்கள், டைரக்டரையும்தான்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கிற இடமும் பார்க்கக்கூடாத இடமும் இருக்கிறது. 12 வோல்ட்டிலேயே எல்லாவற்றையும் ஓட்டுங்கள். இன்வேர்ட்டர் போட்டு 230 வோல்ட்டாக்கி, திரும்ப அடப்டரால் இறக்குவது மின்சாரத்தையும் வீணாக்கும், இரைச்சலையும் கொண்டுவரும். ஸூம் எஃப்8 மாதிரியான ரெக்கோடர்கள் 9 முதல் 18 வோல்ட் வரை நேரடியாக எடுக்கும். கணக்குச் சுலபம்: ரெக்கோடர், ரிசீவர்கள் எல்லாம் சேர்ந்து 25 வாட் என்று வைத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு 200 வாட் மணி. லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பெட்டரி 12.8 வோல்ட், 20 அம்பியர் மணி என்றால் 256 வாட் மணி, ஒரு நாளுக்குத் தாராளம். மலிவென்று 7 அம்பியர் மணி ஈயப் பெட்டரியை எடுத்தால் அதில் 84தான், அதையும் பாதிக்குக் கீழே இறக்கினால் பெட்டரி கெதியாகச் செத்துவிடும், ஆக இரண்டு மணித்தியாலம்கூட ஓடாது. லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜரையே பாவியுங்கள், கார் பெட்டரி சார்ஜர் வேண்டாம்.

ஃபியூஸ் இல்லாமல் ஒரு வயர்கூட இழுக்காதீர்கள். பெட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து வாகனங்களுக்குப் போடுகிற சின்ன ஃபியூஸ் பெட்டி ஒன்று, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக 3 அம்பியர். அந்தப் பெட்டி பஞ்சிகாவத்தையில் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலும் இருக்கும். பெட்டரியிலிருந்து போகும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். நாலு முள் எக்ஸ்எல்ஆர் பிளக் வைத்தால் 1ஆம் முள் நெகட்டிவ், 4ஆம் முள் பொசிட்டிவ். சோல்டர் பண்ணிய பிறகு, ரெக்கோடரில் குத்துமுன், மீட்டர் வைத்து ஒருமுறை பாருங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பாருங்கள்.

பூம் கம்புக்கு 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றரை அடி, அடியில் மூடி, உள்ளே ஸ்பொஞ்ச், சட்டத்தின் காலோடு இரண்டு கிளாம்ப். மிச்சக் குழாயை நீளப்பாட்டுக்குப் பாதியாக வெட்டித் துண்டுகளாகப் பக்கவாட்டில் பூட்டினால் கேபிள் சுருள் தொங்கவிட வளைவான கொக்கி ஆகிவிடும், இரும்புக் கொக்கி மாதிரி கேபிளை மடித்து நெரிக்காது. ரிசீவர் அண்டெனா இரண்டையும் தலைக்கு மேலே போகிற மாதிரி ஒரு கம்பத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். வண்டி இரும்பு, அதன் மறைவுக்குள் அண்டெனா இருந்தால் நடிகர் முதுகு திருப்பியவுடனே சிக்னல் போகும். வீடியோ ட்ரான்ஸ்மிட்டரை உங்கள் வண்டியில் வைக்கக் கேட்பார்கள், அதன் அலை உங்கள் ரிசீவரைக் குழப்பும், இடம் இருந்தாலும் வேறிடம் காட்டுங்கள்.

மழைக்குத் தனிச் செலவு வேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை சொல்லிக்கொண்டு வராது, பத்து நிமிடத்தில் கறுத்து இறங்கும். வண்டியின் அளவுக்குத் தறப்பாளை வெட்டி, ஓரம் தைத்து, மேல்பக்கம் சட்டத்தோடேயே கட்டிச் சுருட்டி வையுங்கள். ஒரு கையால் இழுத்தால் கீழே விழவேண்டும், தேடிப் போய் எடுத்து விரிப்பதென்றால் அதற்குள் நனைந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தறப்பாளைக் கழற்றிக் காயவிட்டு, வண்டியையும் ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள், கடற்கரைக்குப் போன நாளென்றால் கட்டாயம்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் உடனே வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரவு ஊர் அடங்கிய நேரம், வண்டியில் சாமான் எல்லாம் ஏற்றி, பூமில் மைக்கைப் போட்டு ஓரடி தூரத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு விரல் முட்டியால் ஒவ்வொரு துண்டாகத் தட்டுங்கள். டொக் என்று நின்றால் சரி. தட்டிய பிறகும் எங்கோ ஏதோ டிங் என்று நீண்டால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ரப்பர் வையுங்கள். என் வண்டியில் அப்படிப் பதினொரு இடம் வந்தது, அதில் ஒன்று வெறும் சாவிக்கொத்து. பிறகு வீட்டு முற்றத்தில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு கேளுங்கள். வண்டி நகர்வது காலடிச் சத்தத்தைவிடக் குறைவாகக் கேட்டால் அடுத்த நாள் கொண்டுபோகலாம்.