ஆன்டெனாவின் கட்ட மையத்தைக் களத்தில் அளப்பது

ஜிபிஎஸ் சர்வேயில் நாடா வைத்து அளக்க முடிவது ஆன்டெனாவின் அடியை மட்டும்தான். மரைத்துளையைச் சுற்றியுள்ள அந்தத் தட்டையான பரப்பை ஏஆர்பி என்பார்கள். ரிசீவர் தருவதோ கட்ட மையத்தின் இடத்தை, அதாவது சிக்னல் வந்து சேர்வதாகக் கணக்காகும் புள்ளியின் இடத்தை. அது பெரும்பாலும் ஏஆர்பிக்குச் சில சென்டிமீட்டர் மேலே, ஜிபிஎஸ்ஸின் இரண்டு அலைவரிசைகளில் எல்1-க்கு ஓரிடத்திலும் எல்2-க்கு வேறிடத்திலும் இருக்கும். இந்த இடைவெளியை வடக்கு, கிழக்கு, மேல் என மூன்று எண்களாகச் சொன்னால் பிசிஓ. சிக்னல் வரும் கோணத்துக்கேற்ப மையம் ஆடும் ஆட்டம் பிசிவி.

முதலில் ஐஜிஎஸ் என்ற சர்வதேச அமைப்பு வெளியிடும் ஆன்டெக்ஸ் கோப்பில், அதாவது ஆன்டெனா மாடல்களின் பிசிஓ, பிசிவி எண்கள் உள்ள பட்டியலில், உங்கள் மாடலைத் தேடுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோபோவிலோ எதிரொலியற்ற அறையிலோ எடுத்த எண்களின் தரத்தைக் களத்தில் எட்ட முடியாது. கீழே உள்ளது, பட்டியலில் இல்லாத ஆன்டெனாவுக்கு.

தேவை: எண்கள் தெரிந்த ஆன்டெனா ஒன்று, ஒரே மாடல் ரிசீவர் இரண்டு, 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில் அசையாத தூண் இரண்டு, ஒரு டிஜிட்டல் லெவல். இவ்வளவு குறுகிய தூரத்தில், தூண்கள் ஏறக்குறைய ஒரே உயரத்திலும் இருந்தால், அயனமண்டலப் பிழையும் வளிமண்டலப் பிழையும் கழிந்துவிடும். எஞ்சுவது ஆன்டெனாவும், சிக்னல் சுற்றுப்புறத்தில் பட்டுத் தெறித்து வரும் மல்டிபாத்தும்தான். தகரக் கூரை, கம்பி வேலி பக்கத்தில் வேண்டாம்.

தெரிந்த ஆன்டெனாவை ஒரு தூணில் அதன் வடக்குக் குறி உண்மை வடக்கைப் பார்க்கும்படி பூட்டி, கடைசி வரை தொடாமல் விடுங்கள். காம்பஸ் காட்டும் வடக்கை அப்படியே எடுக்காமல், காந்த விலக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சோதிக்கும் ஆன்டெனாவை மற்றத் தூணில் 0, 90, 180, 270 பாகை எனக் கடிகாரத் திசையில் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் 24 மணி நேரம், 30 விநாடிக்கு ஒரு பதிவு எடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 23 மணி 56 நிமிடத்தில் அதே பாதைக்குத் திரும்புவதால், மல்டிபாத்தின் பெரும்பகுதி எல்லா நாளும் ஒரே மாதிரி விழுந்து, கழிக்கும்போது போய்விடும்.

திருப்பும்போதுதான் பலர் கோட்டை விடுவது. ஆன்டெனாவை மரையில் வைத்தே சுழற்றாதீர்கள். 5/8 அங்குல மரையில் அங்குலத்துக்கு 11 புரி. அரைச் சுற்றுக்கே 1.15 மி.மீ. ஏறியோ இறங்கியோ விடும். ஆன்டெனாவை அடாப்டரில் இறுக்கிவிட்டு, அடாப்டரை ட்ரைபிராக்கில் (தூண்மேல் மட்டம் சரிசெய்யும் அடித்தாங்கி) திருப்புங்கள். அடாப்டர் மையம் விலகியிருந்தால் அந்த விலகலும் ஆன்டெனாவின் கணக்கில் ஏறும் என்பதால், முன்பே சுழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கில் எல்1, எல்2 இரண்டையும் தனித்தனியாகத் தீர்வு காணுங்கள். இரண்டையும் கலந்து அயன விளைவை நீக்கும் கூட்டு வேண்டாம். அது எல்1 பிழையை 2.55 மடங்காகவும் எல்2 பிழையை 1.55 மடங்காகவும் பெருக்கும். வளிமண்டலத் தாமதத்தை மதிப்பிடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். தெரிந்த ஆன்டெனாவுக்கு ஆன்டெக்ஸ் எண்கள், சோதனை ஆன்டெனாவுக்கு எல்லாம் 0.

கிழக்கு விலகல் = (0 பாகையில் வந்த கிழக்கு − 180 பாகையில் வந்த கிழக்கு) ÷ 2. முறையே 4.2137, 4.2113 மீட்டர் என்றால் விலகல் 1.2 மி.மீ. வடக்குக்கும் இதே வழி. 90, 270 நிலைகள் சரிபார்க்க: 90 பாகையில் ஆன்டெனாவின் வடக்கு, கிழக்கே பார்க்கும், எனவே அவ்விரண்டின் கிழக்கு வித்தியாசத்தில் பாதி, நீங்கள் கண்ட வடக்கு விலகலோடு பொருந்த வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேல் பிசகினால் ட்ரைபிராக்கையும் குமிழியையும் பாருங்கள்.

மேல் விலகலைச் சுழற்சி காட்டாது. லெவலால் இரண்டு ஏஆர்பிகளின் உயர வித்தியாசத்தை 0.3 மி.மீ.க்குள் எடுங்கள். செயற்கைக்கோள் தந்த உயர வித்தியாசத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது மேல் விலகல். இந்த எண்ணுக்குள் பிசிவியின் ஒரு பங்கும் ஒளிந்திருக்கிறது. அடிவானத்திலிருந்து 10 பாகைக்குக் கீழுள்ள கோள்களை வெட்டிக் கண்ட எண்ணை, 20 பாகை வெட்டில் பயன்படுத்தினால் உயரம் நகரும். எந்த வெட்டில் கண்டீர்களோ அதிலேயே பயன்படுத்துங்கள்.

எண்களைக் கோப்பில் ஏற்றும்போது: ஆன்டெக்ஸில் மில்லிமீட்டர், ரிசீவர் பதிவுகள் இருக்கும் ரைனெக்ஸ் கோப்பின் தலைப்பில் ஆன்டெனா உயரம் மீட்டரில். ஆன்டெனாவின் பெயர் 20 எழுத்திடம். கடைசி 4 இடம் மேல்மூடிக்கு, மூடி இல்லையென்றால் 'NONE' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். ஓரிடம் தள்ளிப்போனாலும் சில மென்பொருள்கள் வாய் திறக்காமல் திருத்தமே செய்யாது. கட்ட மையம் வரையுள்ள உயரத்தை ஆன்டெனா உயரமாகத் தட்டச்சிட்டு, ஆன்டெக்ஸையும் சேர்த்தால், அதே விலகல் இரண்டு முறை கழியும். இன்னோர் ஆன்டெனாவோடு ஒப்பிட்டு எடுத்த பழைய சார்பு எண்களையும், அப்படி ஒப்பிடாமல் எடுத்த புதிய முழுமை எண்களையும் ஒரே கணக்கில் கலக்கவும் கூடாது.