ஆய்வேட்டை பிரின்ட் எடுக்கப் போகிறீர்களா? பிடிஎப் கொண்டுபோங்கள்

இறுதி செமஸ்டர் ஆய்வேட்டை பிரின்ட் கடைக்குக் கொண்டுபோகுமுன் வேர்டில் 'சேவ் அஸ்' போய் பிடிஎப் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் அதை மட்டும் கொடுங்கள்.

காரணம் எழுத்துருதான். வேர்ட் கோப்பில் பொதுவாக எழுத்துருவின் பெயர்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பக்கங்கள், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தட்டியிருந்தால் எழுத்து தப்பிவிடும். ஆனால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகளைத் தள்ள, பொருளடக்கத்தில் 43ஆம் பக்கம் என்றிருக்கும் அட்டவணை 45க்குப் போய்விடும். பிடிஎப் எழுத்துருவையும் தன்னோடு கொண்டுபோகும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டிலிருந்து எழுதி முடித்து, ஒப்படைக்கிற நாளில் மட்டும் பேராதனைக்கு பஸ் ஏறுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அங்கே உட்கார்ந்து திருத்த நேரமே இருக்காது.

இன்னொன்று, உசாத்துணைப் பட்டியலில் இணைய முகவரிகளை வேர்ட் தானாக நீலமாக்கிவிடும். கலர் மெஷினில் போட்டால் அந்த ஒரு வரிக்காக முழுப் பக்கமும் கலர் கணக்கில் சேரும். முதலிலேயே கறுப்பாக்கிவிடுங்கள்.

மேற்பார்வையாளர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கும் அத்தியாயங்களுக்கு இது சரிவராது, அவருக்கு வேர்டே அனுப்புங்கள். சில எழுத்துருக்கள் பிடிஎப்பில் பதிய அனுமதி இல்லாதவை. அதனால் புறப்படுமுன் கோப்பை உங்கள் போனில் திறந்து பாருங்கள். போனில் பாமினி கிடையாது. அதில் தமிழ் சரியாகத் தெரிந்தால் கடையிலும் சரியாகத் தெரியும்.