பைன் காய் எப்போது மூடும்? குழந்தைகளோடு ஈரம் காட்டும் பொம்மை செய்வோம்

கொடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தை ஐந்து வயதுப் பிள்ளை கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தெருவோரம் உதிர்ந்து கிடக்கும் பைன் காய் இரண்டு போதும்.

1. பொறுக்குவது

செதில் நன்றாக விரிந்த, உடையாத காய்கள் இரண்டு, ஏறக்குறைய ஒரே அளவில். பிள்ளையே தேடட்டும். மரத்தில் மூடியிருப்பதைப் பறிக்காதீர்கள். சில பைன் வகைகளில் அது பிசினால் ஒட்டியிருக்கும், லேசில் திறக்காது.

வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாள் மேல் தட்டுங்கள். எறும்பு, சிலந்தி விழும். சில நேரம் இறக்கை ஒட்டிய விதை ஒன்றும் விழும். விழுந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அதை உயரத்திலிருந்து விடச் சொல்லுங்கள். சுழன்றுகொண்டே இறங்கும். எனக்கு இந்தச் செய்முறையிலேயே பிடித்த நிமிடம் அதுதான்.

2. ஊறவைப்பது

ஒரு காயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, மிதக்காமல் மேலே சின்னத் தட்டு வையுங்கள். இன்னொன்று வெளியே, பக்கத்திலேயே இருக்கட்டும். "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று முதலில் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஓரிரு மணி நேரத்தில் செதில்கள் ஒடுங்கி, காய் இளைத்துப்போய் நிற்கும்.

3. "செத்த காய் எப்படி அசையுது?"

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இறுகிக்கொள்வதைக் காட்டுங்கள். அதற்கும் உயிர் இல்லை, தண்ணீரை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். பைன் செதிலில் இரண்டு அடுக்கு. வெளிப்பக்க அடுக்கு ஈரத்தில் அதிகம் நீளும், அதனால் செதில் உள்பக்கம் வளைந்து மூடும். காய்ந்தால் சுருங்கித் திறக்கும். இதனால் மரத்துக்கு என்ன லாபம்? நனைந்த விதை பறக்காது. காற்று காய்ந்திருக்கும்போது திறந்தால்தான் இறக்கை வேலை செய்யும்.

4. பொம்மை

ஊறிய காயை வெயிலில் உலர்த்துங்கள். மேகமூட்டம் என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், பிசினும் செதிலும் சட்டென்று தீப்பிடிக்கும். திறந்ததும் காயை ஒரு பலகையில் நிமிர்த்திக் கட்டுங்கள். நடுவில் உள்ள ஒரு செதிலின் நுனியில், விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை நூலால் இறுகக் கட்டுங்கள். வெள்ளைக் கோந்து ஈரத்தில் விட்டுவிடும். பின்னால் ஒரு அட்டை நிறுத்தி, காய்ந்த நாளில் குச்சி நிற்கும் இடத்தில் சூரியனையும், காயை மறுபடி நனைத்து அது மூடியதும் குச்சி நிற்கும் இடத்தில் மேகத்தையும் பிள்ளை வரையட்டும்.

மழை நேராகப் படாத தாழ்வாரத்தில் வையுங்கள். இது நாளைய மழையைச் சொல்லாது, இப்போது காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் காட்டும். பிள்ளையிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அக்டோபர், நவம்பர் அடைமழையில் குச்சி மேகத்தை விட்டு அதிகம் நகராது. ஜனவரியில்தான் வேடிக்கை. பனி ஈரத்தோடு விடியும் காலையில் ஒருமுறை, வெயில் ஏறிய மதியத்தில் ஒருமுறை, ஒரே நாளில் இரண்டு கட்டங்களில் குறிக்கச் சொல்லுங்கள்.