சமபங்கு நடைமுறைக்கு ஒத்துவருமா? வாதத்திலும் வேலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பொதுவுடைமையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். "ரஷ்யாவிலேயே படுத்துப்போச்சு, இங்கே என்னத்தை?" என்பார் ஒருவர். "அங்கே நடந்தது கம்யூனிசமே இல்லையே" என்பார் மற்றவர். முதலாமவர் ஒரு நாட்டின் தோல்வியைக் காட்டி எல்லா முயற்சியையும் கழிக்கிறார். இரண்டாமவர் எந்தத் தோல்வியும் தன் கொள்கையைத் தொடாதபடி வேலி கட்டிக்கொள்கிறார். இருவருமே கேட்காமல் விடும் கேள்விகள் நான்கு உண்டு. எதைப் பொதுவாக்கினார்கள், எத்தனை பேருக்குள், யார் அளந்தார்கள், பிடிக்காதவர் வெளியேற வழி இருந்ததா? இந்த நான்கையும் கேட்டால், ஒத்துவந்த இடமும் ஒத்துவராத இடமும் தனித்தனியாகத் தெரியும்.

இத்தனைக்கும் இந்தப் பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவாவை 1927இல் காந்தி நேரில் போய்ப் பார்த்தார். அதே ஜீவாதான் பின்னாளில் தமிழகக் கம்யூனிஸ்டுகளின் பெரிய குரலானார்.

சமம் என்றால் ஆளுக்கு ஒரே அளவு என்று நினைப்பது

இதுதான் பரவலான தவறு. ஆதரிப்பவரும் செய்கிறார், எதிர்ப்பவரும் செய்கிறார். ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் திட்டத்தை விமர்சித்து மார்க்ஸ் 1875இல் எழுதிய 'கோதா திட்ட விமர்சன'த்திலேயே இதை மறுத்துவிட்டார். ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குக் குடும்பம் பெரிது, மற்றவர் தனியாள். கூலி ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றாக இருக்காது. அதனால் அவர் இரண்டு கட்டங்களைப் பிரித்தார். முதல் கட்டத்தில் உழைப்புக்கு ஏற்ற பங்கு. பொருள் வளம் பெருகிய பிறகுதான் தேவைக்கு ஏற்ற பங்கு. ஸ்டாலினே 1931இல் கூலியை ஒரே மட்டமாக்குவதைக் கடுமையாகத் தாக்கினார். ஆக, "எல்லோருக்கும் ஒரே சம்பளம், அதுதான் கம்யூனிசம்" என்று வாதத்தைத் தொடங்குபவர் இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டுகிறார்.

அளவுகோலை மாற்றினால் 'சமம்' என்பதே மாறிவிடும் என்பது நகரத்தார் ஊர்களுக்குப் பழகிய கணக்கு. கோயில் காரியத்துக்கு மணமான தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று புள்ளி வரி. கோடீசுவரருக்கும் இல்லாதவருக்கும் அதே தொகை. அதோடு சொத்தின் அளவு பார்த்து விதிக்கும் ஆஸ்தி வரியும் இருந்தது. ஒன்று தலைக்குச் சமம், மற்றது சக்திக்குச் சமம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் வட்டித் தொழில் செய்த வணிகர்கள் என்பதுதான் வேடிக்கை.

ஏட்டில் யார் இல்லை என்று பார்க்காமல் விடுவது

புள்ளிக் கணக்கில் எல்லோரும் சமம்தான். ஆனால் அந்த ஏட்டில் சமையல்காரர் இல்லை, வீடு கட்டிய கொத்தனார் இல்லை, வயலில் இறங்கிய கூலி இல்லை. சமத்துவத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

கண்மாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீர்பாய்ச்சி' எனப்படும் ஊர்ப் பணியாளர் முறைவைத்து மடை திறக்கிறார், ஏக்கருக்கு இவ்வளவு நேரம் என்று. பத்து ஏக்கர்காரருக்குப் பத்து பங்கு, ஒரு ஏக்கர்காரருக்கு ஒன்று, நிலமில்லாதவருக்குப் பூஜ்யம். முறை நேர்மையானதுதான், ஆனால் அது நிலத்துக்கு நேர்மை. மகாராஷ்டிரத்தில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு வந்த பாணி பஞ்சாயத்து முறை இதைத் தலைகீழாக்கியது. ஆளுக்கு அரை ஏக்கர் பாசனத் தண்ணீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். நிலமில்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. தண்ணீரைக் குடிக்கும் கரும்புக்குத் தடை. அந்தத் தடை இல்லையென்றால் நாலு கரும்புத் தோட்டம் மொத்த நீரையும் இழுத்துவிடும். தலைக்கணக்கு காகிதத்தில் மட்டும் மிஞ்சும்.

கேரள நிலச்சீர்திருத்தத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கவேண்டும். 1970 ஜனவரி 1 முதல் குத்தகைதாரருக்கு நிலம் உரிமையானது. அது பெரிய சாதனை. குடிசைவாசிக்குக் கிடைத்தது ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரையிலான மனை. வயலில் உழைத்த தலித் கூலித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் மனைதான், வயல் இல்லை. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்தே விலக்கு. வெற்றியா தோல்வியா என்றால் குத்தகைதாரருக்கு வெற்றி, கூலியாளுக்குப் பாதி.

அடுப்பைப் பொதுவாக்குவது

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர் நூறு பேருக்கு ஒரே உலை கொதித்தது என்று நினைப்பார். அப்படியல்ல. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்தல்' நடக்கும். அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று அளந்து ஒதுக்கி, "இனி உன் கணக்கை நீ பார்" என்று விட்டுவிடுவார்கள். முகப்பும் வளவும் (உள்முற்றம்) சாமி வீடும் விசேஷங்களும் பொது. அரிசிப் பானை தனி. மிச்சம் பிடித்தால் அந்தக் குடும்பத்துக்கு லாபம், வீணடித்தால் அந்தக் குடும்பத்துக்கே நட்டம்.

1958இல் சீனா இதற்கு நேர் எதிராகப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா விவசாயக் குடும்பங்களும் நிலத்தையும் உழைப்பையும் பொதுவாக்கிய சுமார் 26,000 'மக்கள் கம்யூன்'களில் சேர்க்கப்பட்டன. ஒரு கம்யூனில் சராசரியாக 5,000 குடும்பம். வீட்டுச் சமையல் நின்று பொதுச் சாப்பாட்டுக்கூடம் வந்தது. பல இடங்களில் வீட்டுச் சட்டி பானைகள் எஃகு உலைக்குப் போயின. தொடக்க மாதங்களில் அளவில்லாமல் சாப்பிடலாம் என்றார்கள், தானியம் சீக்கிரமே கரைந்தது. அடுத்தது இன்னும் மோசம். மேலிடத்துக்குப் பயந்த அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதினார்கள். எழுதிய கணக்கின்படி அரசு கொள்முதல் செய்தது; விதை நெல்லுக்கும் பஞ்சமானது. 1959இலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. வீட்டில் அடுப்பு இல்லை, சேமிப்பு இல்லை, கம்யூனை விட்டுப் போகவும் வழியில்லை. 1961க்குள் பஞ்சத்தில் செத்தவர்கள், குறைந்த மதிப்பீட்டின்படியே ஒன்றரைக் கோடிக்கு மேல். கூடுதல் மதிப்பீடுகள் நான்கு கோடியைத் தாண்டுகின்றன.

"சோம்பேறிகள் உட்கார்ந்து தின்றார்கள், அதனால் கெட்டது" என்று இதைச் சுருக்குவது இன்னொரு தவறு. சோம்பல் ஒரு பங்குதான். பொய்க்கணக்கைத் தட்டிக்கேட்க ஆளில்லாததும், வெளியேறும் கதவு பூட்டப்பட்டதும்தான் உயிர்களைக் குடித்தன.

சரி, அப்படியானால் இங்கே பள்ளிச் சத்துணவு எப்படி நடக்கிறது? 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் பெரிதாகி, 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து, மாநிலம் முழுவதும் ஓடுகிறது. அதுவும் பொதுச் சாப்பாடுதான், அதுவும் தேவைக்கேற்ற பங்குதான். ஆனால் அது வீட்டு அடுப்பை அணைப்பதில்லை. அங்கே சாப்பாடு ஒருவேளை, இரண்டுவேளை. சாப்பிடுவது குழந்தைகள், அதனால் பெற்றோரின் கூலியோ உழைப்போ அதில் சிக்குவதில்லை. குழந்தையின் வயிற்றுக்கு எல்லை உண்டு, தேவையை யாரும் கூட்டிக்காட்ட முடியாது. சாப்பாடு பிடிக்காவிட்டால் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கலாம். தேவைக்கேற்ற பங்கு எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேடவேண்டியதில்லை.

ஆள் எண்ணிக்கையை மறப்பது

பத்து பேர் சமமாகப் பங்கிடும் குழுவில் ஒருவர் கூடுதலாக உழைத்து நூறு ரூபாய் ஈட்டினால் அவர் கைக்கு வருவது பத்து ரூபாய். ஆயிரம் பேரானால் பத்து காசு. பத்து பேருக்குள் யார் ஏய்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த வெட்கமே பாதி மேற்பார்வை. ஆயிரம் பேருக்கு வெட்கம் வேலை செய்யாது, மேஸ்திரி வேண்டும். மேஸ்திரிக்கு மேல் கண்காணிப்பாளர் வேண்டும்.

இதைச் சீன அரசே கண்டுகொண்டது. 1962இல் பங்குக் கணக்கைக் கம்யூனிலிருந்து 20–30 குடும்பங்கள் கொண்ட குழுவுக்கு இறக்கினார்கள். அதுவும் போதவில்லை. 1978 டிசம்பரில் அன்ஹுயி மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் நிலத்தை இரகசியமாகப் பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தன. யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் எழுதினார்கள். சில ஆண்டுகளில் அந்த முறையே நாட்டின் கொள்கையானது. நிலத்தின் உரிமை ஊர்ப் பொதுவிலேயே நின்றது, விளைச்சல் மட்டும் வீட்டுக்குப் போனது.

பறிப்பதையே பகிர்வதாக எண்ணுவது

காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயரே இந்தப் பாடத்தைச் சுமந்து நிற்கிறது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் மூழ்கி, சில ஆண்டுகளில் அது சுமார் 25 சதவீதமானது. விடுதலைக்குப் பின் நிலம் நாட்டுடைமையானது. 1962க்குப் பின் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சி கடைகளையும் எடுத்துக்கொண்டது; ஆயிரக்கணக்கான தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

இங்கே உட்கார்ந்து பார்த்தால் அது கொள்ளை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் திரும்பக் கிடைத்த நியாயம். இரண்டு பக்கக் கண்ணீரையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த விவசாயிக்கு என்ன கிடைத்தது? அரசு நிர்ணயித்த குறைந்த விலைக்கு நெல்லை அளக்கும் கட்டாயம் கிடைத்தது. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1960களின் கடைசியில் பத்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. லேவாதேவிக்காரர் போனார், ஆனால் விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கும் ஏற்பாடு அவர் இடத்தை நிரப்பவில்லை.

திறமையை விலையில்லாமல் கேட்பது

இனி நடைமுறை. ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்) செய்யும் கொட்டகை ஒன்றை எட்டுப் பேர் சமபங்கில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் குழம்பை ஊற்றிப் பூ வரைபவர் இரண்டு பேர். சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் செய்பவர்களும், தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து அடுக்குபவர்களுமாக ஆறு பேர். செலவு போக மாதம் 1,60,000 ரூபாய் நிற்கிறது. முதலில் பத்து சதவீதம், 16,000, பொதுநிதிக்கு. மீதி 1,44,000ஐ அப்படியே எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 18,000. பக்கத்துக் கொட்டகையில் வண்ணம் ஊற்றுபவருக்கு 26,000 தருகிறார்கள் என்றால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். மற்ற ஆறு பேர் வெறும் சிமெண்டுக் கல்தான் போடமுடியும்.

வண்ணக்காரருக்கு ஒன்றரைப் பங்கு, மற்றவருக்கு ஒன்று என்று வையுங்கள். மொத்தம் 9 பங்கு, ஒரு பங்கு 16,000. வண்ணக்காரருக்கு 24,000. ஆறு பேரும் ஆளுக்கு 2,000 விட்டுக்கொடுக்கிறார்கள். வெளிச்சந்தையோடு இடைவெளி 8,000இலிருந்து 2,000 ஆகச் சுருங்குகிறது. அந்த 2,000ஐ மரியாதையும் நிரந்தரமும் ஈடுகட்டும், 8,000ஐ ஈடுகட்டாது. இதற்கு நிபந்தனை ஒன்றும் வேண்டும்: வண்ணக்காரர் இரண்டு ஆண்டுக்குள் ஒருவருக்காவது தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அரைப் பங்கு பரம்பரைச் சலுகையாகிவிடும்.

ஸ்பெயினின் மொந்த்ராகோன் தொழிற்கூட்டுறவு 1956இல் தொடங்கியபோது மேல்மட்டச் சம்பளம் கீழ்மட்டத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. பின்னால் அதைத் தளர்த்த நேர்ந்தது, ஆனால் உச்சவரம்பு என்ற ஏற்பாட்டை விடவில்லை. இஸ்ரேலில் சொத்தையும் வேலையையும் பொதுவாக வைத்து வாழும் கிப்புட்ஸ் குடியிருப்புகளில் 1910 முதல் முழுச்சமம். 1980களின் கடன் நெருக்கடிக்குப் பின் திறமையுள்ள இளையவர்கள் வெளியேற, பெரும்பாலானவை சம்பள வேறுபாட்டுக்கு மாறின.

ஏட்டில் இன்னும் சில வரிகள் வேண்டும். பங்கை மாதத்துக்கு எழுதாமல் வேலைநாளுக்கு எழுதுங்கள். 26 நாள் வேலையென்றால் 9 பங்குக்கு 234 பங்குநாள். நாளுக்குச் சுமார் 615 ரூபாய். வராத நாளுக்குக் கோபம் தேவையில்லை, கணக்கே பேசும். நோய், பிரசவம் என்றால் பாதிப் பங்கு பொதுநிதியிலிருந்து, ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற வரம்போடு. கணக்கு எழுதுபவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது; மாதம் ஒருமுறை எட்டுப் பேர் முன்னாலும் ஏட்டை வாசிக்க வேண்டும். சேரும்போது போட்ட முதலை, விலகுபவருக்குப் பன்னிரண்டு மாதத் தவணையில் திருப்புங்கள். உடனே திருப்புவது என்று எழுதினால் ஒருவர் விலகும் வதந்திக்கே நிதி காலியாகும். திருப்பவே மாட்டோம் என்றால் அது கதவைப் பூட்டுவது.

கடைசியாக, பல குழுக்கள் எழுத மறக்கும் விதி. ஆர்டர் கூடும்போது கூலிக்கு ஆள் எடுப்பார்கள். கிப்புட்ஸும் எடுத்தது, மொந்த்ராகோனும் வெளிநாட்டுக் கிளைகளில் எடுத்தது. சமமானவர்கள் மெல்ல முதலாளிகளானார்கள். 2013இல் மொந்த்ராகோனின் ஃபாகோர் நிறுவனம் திவாலானபோது, உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ ஓய்வு ஏற்பாடோ இருந்தது. வெளிநாட்டுக் கிளையில் கூலிக்கு இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஆளை உறுப்பினராகச் சேர அழைக்க வேண்டும், சேர்க்கை முதலை அவர் கூலியிலிருந்து சிறு தவணையாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். லாபம் வந்த பிறகு அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்க ஆள் கிடைக்காது.