பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புகளிலிருந்து மின்னஞ்சல்களை மீட்டெடுத்தல்

பத்தமடைப் பாய்க்கு வெளியூர்களிலிருந்து வந்த ஆர்டர்கள், பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியர்களின் கடிதப் போக்குவரத்து, மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் வீட்டுக்கு எழுதியவை என, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்னஞ்சல்கள் பலவும் பரணில் ஏற்றிவைத்த கணினிகளுக்குள்ளேயே இருக்கின்றன. டயல்-அப் காலத்தில் வழக்கமாக இருந்த பாப்3 முறையில், அஞ்சலைக் கணினிக்கு இறக்கியவுடன் சர்வரிலிருந்த பிரதியை அழித்துவிடுவதே, அக்கால விண்டோஸ் கணினிகளோடு வந்த மின்னஞ்சல் நிரலான அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இயல்பான அமைப்பு. எனவே அந்த வன்தட்டில் உள்ளதே பெரும்பாலும் ஒரே பிரதி என்று கருதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிட வேண்டும். பழைய கணினியை இயக்கி, அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து பார்க்காதீர்கள். அழித்த அஞ்சல்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. கோப்பைச் சுருக்கும் 'காம்பாக்ட்' பணி நடக்கும் வரை அவற்றின் சிதறல்கள் கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியின் பிற்காலப் பதிப்புகளில், நிரலை 100 முறை மூடியபின் கோப்பைச் சுருக்கலாமா என்று அதுவே கேட்கும். கேள்வியைப் படிக்காமல் 'ஓகே' அழுத்துவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

ஆகவே வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியுடன் இணைப்பதே நல்லது. அக்காலத் தட்டுகளில் பல, அகலமான நாடா ஒயர் கொண்ட ஐ.டி.இ. வகையைச் சேர்ந்தவை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் கணினி பழுதுபார்ப்பவர்களிடம் 'ஐ.டி.இ. டு யு.எஸ்.பி. கன்வர்ட்டர்' என்று கேட்டுப் பாருங்கள். மேசைக் கணினியின் பெரிய தட்டுக்குத் தனி மின்சார அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரம் அதற்குப் போதாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின் வெள்ளத்தில் மூழ்கிய தட்டாக இருந்தால், வெளியே காய்ந்து சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரம் கொடுக்கவே கூடாது. உள்ளே வண்டல் படிந்திருந்தால் தட்டு சுழலத் தொடங்கியதும் பரப்பு கீறிப்போகும். அதைத் தரவு மீட்புக்கென்றே தனி வசதி வைத்திருப்பவர்களிடம் ஒப்படைப்பதுதான் வழி.

இணைத்தபின், மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்துவிட்டு, தட்டு முழுவதிலும் 'டி.பி.எக்ஸ்.' (.dbx) என்ற பின்னொட்டுள்ள கோப்புகளைத் தேடுங்கள். எக்ஸ்பியில் இவை பயனர் பெயருக்குக் கீழே 'லோக்கல் செட்டிங்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா', 'ஐடென்டிட்டீஸ்' என்று அடுக்கடுக்கான கோப்புறைகளுக்குள் இருக்கும். ஆனால் உரிமையாளர் இடத்தை மாற்றியிருக்கலாம் என்பதால் தேடுவதே உறுதி. ஒவ்வொரு அஞ்சல் கோப்புறைக்கும் தனித்தனி டி.பி.எக்ஸ். கோப்பு உண்டு. அவை இருக்கும் கோப்புறையை முழுமையாகப் புதிய கணினிக்கு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பழைய சிடியில் எழுதிவைத்த கோப்புகளானால், நகலெடுத்தபின் 'ரீட்-ஒன்லி' என்ற குறியை நீக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் சில நிரல்கள் காரணம் சொல்லாமலே மறுத்துவிடும். ஒரு கோப்பு 2 ஜிபியைத் தொட்டு நின்றிருந்தால், அதுவே அந்த வடிவத்தின் உச்சவரம்பு என்பதால், உள்ளே சேதம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அடுத்த படிக்கு 'அன்டிபிஎக்ஸ்' (UnDBX) என்ற இலவசத் திறமூல நிரலே போதும். விலை கேட்கும் மீட்பு நிரல்களுக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படாது. டி.பி.எக்ஸ். கோப்புகள் உள்ள கோப்புறையையும், வெளியீட்டுக்கு ஒரு வெற்றுக் கோப்புறையையும் காட்டினால், அது ஒவ்வொரு அஞ்சலையும் தனித்தனி 'இ.எம்.எல்.' கோப்பாகப் பிரித்துத் தரும். சிதைந்த கோப்புகளுக்கும் அழித்த அஞ்சல்களுக்கும் அதிலேயே மீட்பு முறை ஒன்று உண்டு. அதன் விளைவை வேறொரு கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துண்டு துண்டான அஞ்சல்களும் அதில் கலந்து வரும். பிறகு தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் நிரலை நிறுவி, 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற துணைநிரலைச் சேர்த்து, 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதன் கீழே புதிய கோப்புறை ஒன்று உருவாக்கி, அதற்குள் இ.எம்.எல். கோப்புகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். சில அஞ்சல்களின் தேதி பொருந்தாமல் தெரிந்தால், அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் பிழையாக இருந்திருக்கும். அஞ்சலின் மூலத்தைத் திறந்து, வழியிலிருந்த சர்வர்கள் பதிந்த 'ரிசீவ்ட்' வரிகளில் உள்ள நேரத்தை நம்புங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் தமிழ் அஞ்சல்களைத் திறந்தால் பலருக்கும் ஏமாற்றமே கிடைக்கும். ஆனால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். யுனிகோடு பரவுவதற்கு முன் எழுதியவற்றில் டிஸ்கி, டேப், டேம், பாமினி எனப் பல எழுத்துமுறைகள் வழங்கின. மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் முதல் மூன்றில் ஒன்றாக இருக்கும். அரைப்புள்ளிகள் கலந்த வெறும் ஆங்கில எழுத்துகளானால் பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று குறிகள் வீதம் நீண்டு தெரிந்தால் அது யுனிகோடுதான். தண்டர்பேர்டில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் கட்டளையை இட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மற்றவற்றுக்கு, அஞ்சலின் உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு, எந்த முறை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவரே எழுதிய அஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே முறையில் இருக்கும் என்பதால், அனுப்பியவர் வாரியாகப் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அவை வழியிலேயே அழிந்துபோனவை. அவற்றை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. அந்த அஞ்சலுக்கு, எழுதியவரின் 'சென்ட் ஐட்டம்ஸ்' கோப்பு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். மாற்றிய உரையைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள், இ.எம்.எல். கோப்பின் மேலேயே எழுதிவிடாதீர்கள். இணைப்பாக வந்த படங்களும் முகவரி விவரங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.