மார்ச் மேட்னஸ் பிராக்கெட்: முதல் தடவை நிரப்புகிறவர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிதான் மார்ச் மேட்னஸ்; அதன் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி நிரப்பும் அட்டவணைதான் பிராக்கெட். ஒவ்வொரு மார்ச்சிலும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த யாருக்காவது இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். கூடைப்பந்து ஓரளவு பார்ப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளின் என்சிஏஏ போட்டியில் 2011 முதல் 68 அணிகள் ஆடுகின்றன. ஒரு ஆட்டம் தோற்றால் அதோடு சரி, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். என்பிஏ மாதிரி ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. ஏழு ஆட்டம் வைத்தால் பெரும்பாலும் பலமான அணிதான் ஜெயிக்கும். நாற்பதே நிமிடம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கும். எனக்கு இந்தப் போட்டிமேல் இருக்கிற பைத்தியம் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தால் வந்ததுதான்.

படி 1: தாளை அச்சிடுங்கள்

மார்ச் நடுவில் வரும் செலக்‌ஷன் சண்டே மாலையில் அட்டவணை வெளியாகும். ஈஎஸ்பிஎன், சிபிஎஸ், என்சிஏஏ மூன்று தளங்களிலும் இலவசமாக நிரப்பலாம். நண்பர்களோடு குழுவாக ஆட ஈஎஸ்பிஎன் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் தாளில் பென்சிலால் நிரப்பிவிட்டு, பிறகு செயலியில் ஏற்றுங்கள். போனின் சின்னத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு மூலைதான் தெரியும். 63 ஆட்டங்களும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும். தானாக நிரப்பித் தரும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் கையால் எழுதிய பெயர் என்றால்தான் அந்த அணிக்காக நடுராத்திரியில் கத்தத் தோன்றும்.

படி 2: எண்களைப் படியுங்கள்

நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 அணிகள் (68இல் மிச்ச நான்கு அணிகள் அதற்கு முன்பே வெளியேறிவிடும்; பின்சேர்க்கை 1 பாருங்கள்). பெயருக்கு முன்னால் இருக்கும் எண்தான் சீடு. 1 என்றால் பலமான அணி, 16 என்றால் கடைசி. முதல் ரவுண்டில் மோதும் இருவரின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும்: 1க்கு 16, 5க்கு 12, 8க்கு 9. இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

படி 3: கடைசியிலிருந்து நிரப்புங்கள்

இங்கேதான் எல்லாரும் தடுக்குகிறார்கள், நானும் இதில்தான் தடுக்கினேன். அதனால் நிதானமாகப் பாருங்கள்.

இடதுபக்கம் முதல் ஆட்டத்திலிருந்து வரிசையாக நிரப்பத்தான் கை போகும். அதற்கு முன்னால் மதிப்பெண் முறையைப் பாருங்கள். ஈஎஸ்பிஎன்னில் முதல் ரவுண்டில் சரியாகச் சொன்ன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10. அடுத்த ரவுண்டுகளில் 20, 40, 80, 160. சாம்பியனைச் சரியாகச் சொன்னால் 320. முதல் ரவுண்டின் 32 ஆட்டங்களையும் அச்சுப் பிசகாமல் சொன்னாலும் அதே 320தான். முதல் ரவுண்டு நடக்கும் வியாழனும் வெள்ளியும் நீங்கள் படும் பாடு முழுவதும், கடைசித் திங்கட்கிழமை நடக்கும் ஒரே ஆட்டத்துக்குச் சமம்.

ஆகவே முதலில் நடுக் கட்டத்தில் சாம்பியனை எழுதுங்கள். அடுத்து ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகள். பிறகு எலீட் எயிட், அதாவது கடைசி எட்டு அணிகள். முதல் ரவுண்டு கடைசியில்.

சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மனசு சொல்வதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1985இல் அணிகள் 64 ஆனது முதல் 2025 வரை, கோப்பை வென்றதில் மிகக் கீழான சீடு 8. அது அதே 1985இல் ஜார்ஜ்டவுனை 66-64 என்று வீழ்த்திய வில்லனோவா. 11ஆம் சீடுகள் ஆறு முறை ஃபைனல் ஃபோர் வரை வந்திருக்கின்றன. ஆறு முறையும் அரையிறுதியோடு நின்றுவிட்டன. 2025இல் நான்கு 1ஆம் சீடுகளும் ஃபைனல் ஃபோருக்கு வந்தன. அதற்கு முன்பு அப்படி நடந்தது 2008இல் மட்டும்தான். அதற்காக நான்கு இடத்திலும் 1 என்றே போட்டுவிடாதீர்கள். 2023இல் அங்கே வந்தவை 4, 5, 5, 9. நான் பொதுவாக இரண்டு 1ஆம் சீடு, ஒரு 2 அல்லது 3, மிச்ச ஒரு இடம் மனசுக்குப் பிடித்த அணிக்கு என்று வைப்பேன்.

எந்த 1ஆம் சீடு என்று முடிவு செய்ய கென்பாம் தளத்தின் பட்டியல் நல்லது. தாக்குதலையும் தடுப்பையும் நூறு பொசஷனுக்கு (பந்து கைக்கு வரும் தடவைக்கு) எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தியிருப்பார்கள். இரண்டிலும் முன்வரிசையில் இருக்கும் அணியை எடுங்கள். எனக்கு அதைவிட பார்ட் டோர்விக் தளம்தான் பிடிக்கும். இலவசம் என்பது ஒன்று. கடைசி ஒரு மாத ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. நவம்பரில் பின்னி எடுத்துவிட்டு மார்ச்சில் களைத்துப்போன அணிகள் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

படி 4: அப்செட்டுக்கு (சின்ன அணி பெரியதைக் கவிழ்ப்பதற்கு) இடம் விடுங்கள்

இனி முதல் ரவுண்டு. இங்கே மனசை அவிழ்த்து விடலாம், ஆட்டத்துக்கு 10 மதிப்பெண்தானே.

5க்கு 12 மோதும் ஆட்டங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே 12 ஜெயித்து வந்திருக்கிறது. நான்கில் ஒன்றையோ இரண்டையோ தைரியமாகப் போடுங்கள். 8க்கு 9 என்பது நாணயம் சுண்டுகிற கதைதான். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

எந்தச் சின்ன அணி கவிழ்க்கும்? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். பெரிய அணி மெதுவாக ஆடுகிறதா? சின்ன அணி த்ரீ பாயிண்டரை நம்பி வாழ்கிறதா? மெதுவாக ஆடினால் இரு பக்கமும் பந்து கிடைக்கும் தடவைகள் குறையும். குறைந்த வாய்ப்புக்குள் நாலைந்து த்ரீ விழுந்துவிட்டால் பலசாலிக்குத் திரும்பி வர நேரம் இருக்காது.

2018 மார்ச் 16, சார்லட் நகரம். வர்ஜீனியா ஒட்டுமொத்தமாகவே முதலிடத்தில் இருந்த அணி; நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுத்ததும் மிக மெதுவாக ஆடியதும் அதுதான். எதிரே மேரிலாந்திலிருந்து யூஎம்பிசி என்ற 16ஆம் சீடு. அதுவரை ஆண்கள் போட்டியில் 1ஆம் சீடு 16ஆம் சீடோடு மோதிய 135 ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தது. பாதி ஆட்டத்தில் ஸ்கோர் 21-21. அப்போதும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பாதியில் யூஎம்பிசி 53 புள்ளி எடுத்தது. ஜைரஸ் லைல்ஸ் மட்டும் 28. முடிவு 74-54, இருபது புள்ளி வித்தியாசம்! அடுத்த ஆண்டு அதே வர்ஜீனியா அதே பயிற்சியாளரோடு வந்து, ஓவர்டைமில் டெக்சஸ் டெக்கை 85-77 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. எந்தக் கல்லூரியோடும் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் அந்த இரண்டு இரவுகளையும் இன்றைக்கும் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

2024இல் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி பத்து த்ரீ போட்டு கென்டக்கியை வீட்டுக்கு அனுப்பியதும் இதே வகைதான். அந்த சீசன் முழுக்க அவர் இரண்டு புள்ளிக்கு எறிந்ததே அபூர்வம். 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் 15ஆம் சீடாக வந்து கென்டக்கி, மரி ஸ்டேட், பர்டூ என்று மூன்று பேரைச் சாய்த்து எலீட் எயிட் போனது. 15ஆம் சீடு ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. இதையெல்லாம் முன்கூட்டியே எழுதியவர்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள். ஆசைப்படலாம், ஆனால் 16ஐ எழுதாதீர்கள்.

63 ஆட்டத்தையும் சரியாகச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். நிரப்பக்கூடிய வழிகள் 92,000 கோடி கோடிக்கும் மேல். 2019இல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதே பெரிய செய்தியானது.

படி 5: சமர்ப்பியுங்கள்

வியாழன் நண்பகல் வாக்கில், கிழக்கு அமெரிக்க நேரப்படி, முதல் ஆட்டம் தொடங்கியதும் பூட்டிவிடுவார்கள். அதன்பின் ஒரு பெயரையும் மாற்ற முடியாது. புதன் இரவே முடித்துவிடுங்கள். வியாழன் காலையில் யாருக்காவது காயம் என்று செய்தி வந்தால் திருத்துவதற்கு நேரம் இருக்கும்.

பின்சேர்க்கை 1: ஒரு கட்டத்தில் இரண்டு அணிகளின் பெயர் சாய்வுகோட்டோடு இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். செவ்வாய், புதன் கிழமைகளில் ஒஹாயோவின் டேட்டன் நகரில் நடக்கும் ஃபர்ஸ்ட் ஃபோர் ஆட்டங்கள் அவை. பெரும்பாலான குழுக்களில் இதற்கு மதிப்பெண் கிடையாது. அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜெயிக்கிற அணி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காக அந்த அணிகளை லேசாக எடுக்காதீர்கள். 2023இல் பர்டூவை 63-58 என்று கவிழ்த்த 16ஆம் சீடு ஃபேர்லி டிக்கின்சன் டேட்டன் வழியாக வந்த அணிதான்.

பின்சேர்க்கை 2: டைபிரேக்கர் (மதிப்பெண் சமமானால் யார் முந்துவது என்று தீர்மானிக்கும்) கட்டத்தில் என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறீர்கள். இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் எடுக்கும் மொத்தப் புள்ளி. ஜெயித்த அணியின் புள்ளியை மட்டும் எழுதிவிடாதீர்கள். 2022 முதல் 2025 வரை அது 141, 135, 135, 128. நான் 136 போடுவேன்.

பின்சேர்க்கை 3: பெண்கள் போட்டிக்குத் தனி பிராக்கெட். அது வெள்ளிக்கிழமைதான் பூட்டும், எனவே வியாழன் தவறவிட்டவர்கள் அதில் சேரலாம். எண்களும் மதிப்பெண்ணும் இதே முறைதான். 16ஆம் சீடு 1ஐ முதன்முதலில் வீழ்த்தியதும் அங்கேதான்: 1998இல் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்த மைதானத்திலேயே ஹார்வர்ட் 71-67 என்று வென்றது.